துடைத்து வைத்த துப்பாக்கிகள்

சாப்பாட்டுப் பையிலிருந்து முதலில் டிபன் டப்பா வந்தது. பிறகு தண்ணீர் பாட்டில். அதற்கும் பிறகு ஒரு துப்பாக்கியும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல் இன்னொரு துப்பாக்கியும் வெளியே வந்தபோது, பினாயிலின் மனைவி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாருக்குங்க இது?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. துடைக்கறதுக்குக் கொண்டாந்தேன்."

"துடைக்கறதுக்கு இந்த வீட்டுல வேற எதுவும் இல்லையா? ஃபேன் இறக்கை மேல செடி முளைக்கற அளவுக்கு மண்ணு இருக்கு."

பினாயில் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, அலுவலகம் சூட்டியது. நீதிமன்றத்தின் சான்றுப் பொருள் அறைக்கு அவர்தான் பொறுப்பு. குத்திய கத்தி, உடைத்த பூட்டு, கிழிந்த சட்டை என்று ஊரின் பாவமெல்லாம் கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டு வந்து சேரும் அந்த அறை, ஆஸ்பத்திரி வராந்தாவைப் போல் எப்போதும் மணக்கும். ஒருமுறை நீதிபதி ஒரு கடப்பாரையைக் கையில் எடுத்துப் பார்க்க, துரு அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் அப்பிக்கொண்டது. அன்றிலிருந்து எந்தப் பொருளும் துடைக்காமல் மேலே நீதிபதியிடம் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் சட்டத்தை மீறியவர்கள் தினமும் வந்து போனார்கள், இந்த வழக்கத்தை மீறியவர் ஒருவரும் இல்லை. கைரேகை, ரத்தக்கறை எல்லாவற்றையும் ஆய்வுக்கூடம் முன்பே எடுத்து முடித்திருக்கும் என்பதால், துடைப்பதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பினாயிலுக்கோ வாழ்க்கையில் தோன்றிய ஒரே நல்ல விஷயம் அதுதான்.

திங்கட்கிழமை இந்த இரண்டு துப்பாக்கிகளும் மேலே போக வேண்டும். துப்பாக்கி நிபுணர் ஒருவர் வருகிறார். "அவரு முன்னாடி நம்ம பொருள் எல்லாம் காயலான் கடைச் சரக்கு மாதிரி இருக்கக் கூடாது" என்று தலைமை எழுத்தர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். துப்பாக்கிகளோ அதைவிட மோசமாக இருந்தன. துருவும் கரியும் சேர்ந்து கல்லாய் இறுகிப்போயிருந்தன. துணி போட்டுத் துடைத்துப் பார்த்தார். துணிதான் போனது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டால் தேவலை. ஆனால் காகிதமும் துணியும் அடைந்த அறைக்குள் மண்ணெண்ணெய் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவரே எழுதி ஒட்டியது.

ஆகவே சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பை.

"வெளியில தெரிஞ்சா?" என்றாள் மனைவி.

"வேலை போயிடும். உள்ளேயும் போட்டுடுவாங்க."

"தெரிஞ்சும் கொண்டாந்திருக்கீங்க."

அதற்குக் காரணம் தலைமை எழுத்தர் இல்லை. நீதிமன்ற வராந்தாவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து உட்காரும் ஓர் அம்மா.

கடைத்தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்த பெரியவரின் மனைவி அவர். பெரியவருக்கு ஒரு கூட்டாளி. கடை தொடங்கிய புதிதில் ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே மாதிரி ரிவால்வர்கள் இரண்டு கிடைக்க, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். நூறு வருடத்துக்கும் முந்தியவை. உடலில் அடித்திருக்கும் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. பெரியவருடையது இரண்டில் முடியும், கூட்டாளியுடையது ஏழில். ஒரு மாலை பெரியவர் கடைக்குள்ளேயே தலையில் குண்டு பாய்ந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய துப்பாக்கி, இரண்டு. அதன் குண்டு நிரப்பும் உருளையில் ஓர் அறை மட்டும் வெடித்துக் கரிந்திருந்தது. மாடியில் கூட்டாளியின் மேஜையில் இருந்த ஏழில் எல்லா அறையிலும் வெடிமருந்து அப்படியே இருந்தது. இரண்டிலும் மிச்சமிருந்த மருந்தை ஆய்வுக்கூடம் பிறகு எடுத்துக் காலி செய்துவிட்டது. தானே சுட்டுக்கொண்டார் என்று எழுதி, போலீஸ் வழக்குக் கட்டை மூடிவிட்டது. அந்த அம்மா மட்டும் மூடவில்லை, மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போட்டார்.

"அன்னைக்குக் காலையிலதான் கண்ணாடிக்குப் புது ஃப்ரேம் போடக் குடுத்துட்டு வந்தாரு" என்று ஒருநாள் பினாயிலிடம் சொன்னார். "பழுப்பு வேணாம், கறுப்புதான் வேணும்னு கடைக்காரனோட அரை மணி நேரம் மல்லுக்கு நின்னிருக்காரு. சாகப் போற மனுஷன் ஃப்ரேமோட நிறத்தைப் பாப்பாரா?"

பினாயில் பெஞ்சின் விளிம்பைத் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எங்கிட்ட பேசறதில்ல. நான்தான் அவரை நச்சரிச்சே சாகடிச்சேன்னு நினைக்கிறா. இல்லைன்னு எப்படிச் சொல்றது? அந்தத் துப்பாக்கிங்கதான் சொல்லணும். பத்திரமா பாத்துக்கோங்க ஐயா."

"என் கையில இருக்கற வரைக்கும் கவலையே படாதீங்கம்மா" என்றார் பினாயில். "கண்ணாடி மாதிரி வெச்சிருப்பேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இப்போது மண்ணெண்ணெய் தேடினார்.

துப்பாக்கியைப் பிரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். மச்சினன் தையல் மெஷின் ரிப்பேர்காரன். ஒரே நேரத்தில் நாலு மெஷினைப் பிரித்துத் தரையில் பரப்பினாலும் ஒன்றின் ஆணி இன்னொன்றுக்குப் போகாது என்று சொந்த வாயாலேயே புகழ்ந்துகொள்பவன். அவன் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மாலைக்குள் எல்லாத் தையல் கடைக்கும் அது போய்விடும். ஆகையால் தலைமை எழுத்தர் வீட்டு அலங்காரச் சாமான் என்று சொல்லிவைத்தார்.

மச்சினன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழாயை உடலோடு பிடித்துவைத்திருப்பது ஒரு சின்ன ஆப்புதான் என்று கண்டுபிடித்தான். அதைத் தட்டி எடுத்ததும் குழாய் கழன்று வந்தது. பின்னாலேயே உருளையும் கையோடு வந்துவிட்டது.

"இவ்வளவுதான் மாமா. குழந்தைகூடக் கழட்டிடும்."

இரண்டு என்ற துப்பாக்கியைக் குண்டானிலும் ஏழு என்பதை வாளியிலும் ஊறப் போடுவது என்று முடிவாயிற்று. உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லி மச்சினன் பினாயிலைக் கடைக்கு விரட்டினான்.

பினாயில் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. இரண்டு துப்பாக்கிகளும் பூட்டப்பட்டு மேஜை மேல் இருந்தன. மச்சினனுக்குக் கடையில் ஆள் காத்திருக்க, கிளம்பிப் போயிருந்தான். குண்டான் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதுல ஊறிட்டிருந்தது எங்கே?" என்றார்.

"எனக்குக் குண்டான் வேணும்னு வாளியில கொட்டினேன்."

"ரெண்டையும் ஒண்ணாவா?"

"ஒரே மண்ணெண்ணெய்தானே. என்ன, சண்டையா போட்டுக்கும்?"

அப்போது அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மிச்சக் கரியை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தபோதுதான் தெரிந்தது. உருளையின் பின்பக்கம், கரி மூடியிருந்த இடத்திலிருந்து, குழியில் புதைந்த எலும்புபோல ஓர் எண் மெல்ல வெளியே வந்தது. கையில் இருந்தது ஏழு. உடலில் ஏழு, குழாயின் அடியில் ஏழு, ஆப்பில்கூட ஏழு. உருளையில் இரண்டு.

அவசரமாக அடுத்ததை எடுத்துத் தேய்த்தார். உடலில் இரண்டு, குழாயில் இரண்டு. உருளையில் ஏழு.

அந்த எண்கள் உருளையிலும் இருக்கும் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. போலீஸுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் குறிப்பில் உடல் எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள்.

"மாத்திட்டே" என்றார் மனைவியிடம்.

"எதை?"

"உருளையை. அதுது இதுல, இதுது அதுல. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி மாத்திட்டே."

"நான் கொட்டினேன். பூட்டினது தம்பி. அவன் பாத்துத்தான் பூட்டினான்."

"எதைப் பாத்து? எல்லாம் கன்னங்கரேல்னு இருந்துச்சு. எண்ணே தெரியல."

"அது எனக்குத் தெரியாது. ஆனா மாறல. நான் கொட்டினா எதுவும் மாறாது."

இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா என்று அவருக்கு எரிச்சல் மூண்டது. வாளியைச் சரித்து அடியில் துழாவினார். கறுத்த மண்ணெண்ணெயிலிருந்து சிவப்பு நூல் துண்டுகள் நாலைந்து விரலில் சுற்றிக்கொண்டு வந்தன.

"இதைப் பாரு. சர்க்கார் பொருள் ஊறுற இடத்துல உன் தையல் குப்பை. இவ்வளவு கவனமா இருக்கறவ உருளையை மாத்தியிருக்க மாட்டாதான்."

அவள் நூலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். நூல் துண்டுகளைச் சுண்டி எறிந்துவிட்டு, பினாயில் சுத்தியலை எடுத்தார். குழந்தைகூடக் கழட்டிவிடும் என்று மச்சினன் சொன்னது சரிதான். கால் மணி நேரத்தில் இரண்டின் உருளை இரண்டுக்கும், ஏழின் உருளை ஏழுக்கும் போய்ச் சேர்ந்தன. பினாயில் நிம்மதியாக மூச்சு விட்டார்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. உப்புத்தாள் பட்ட உருளைகள் கல்யாணப் பெண்ணின் மூக்குத்தி மாதிரி ஜொலித்தன. உடலும் குழாயும் பழுப்பாக இருந்தன. நூறு வருடத்துத் துப்பாக்கிக்கு நேற்று வாங்கிய உருளை. யார் பார்த்தாலும் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

பழையதை மங்கவைக்க வினிகரும் உப்பும் தடவுவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். தடவினார். எவ்வளவு தடவ வேண்டும் என்று படித்தது ஞாபகமில்லை, ஆகவே தாராளமாகத் தடவி வெயிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தபோது உருளைகள் மங்கியிருக்கவில்லை. ஆரஞ்சு நிறத்தில் பூத்திருந்தன.

"காவி கட்டிட்டு எங்கயோ போகப் போகுது போலிருக்கு" என்றாள் மனைவி, உதவி செய்கிற குரலில்.

அந்தப் பூவை எடுக்க அவர் கையில் எடுத்தது கழிப்பறை ஆசிட். இதுவரை அவர் கண்ட கறைகளில் ஆசிட்டுக்கு அடங்காதது ஒன்றும் கிடையாது. அதுவும் ஒரே நிமிடத்தில் அடங்கியது. உருளைகள் சாம்பல் நிறத்துக்கு வந்தன. பார்க்க நூறு வருடம் என்ன, இருநூறு வருடமே சொல்லலாம். ஒரு குறைதான். ஏழின் உருளையில் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் கரைந்து, தரையில் காய்ந்த மழைத்துளியின் தடம்போல ஆகியிருந்தது.

அதைச் சாய்த்துப் பிடித்தால் ஒன்று. நிமிர்த்திப் பிடித்தால் ஒன்றுமே இல்லை.

பினாயில் படியில் உட்கார்ந்துகொண்டார். எண் இல்லாத பொருளை நிபுணரின் முன்னால் எப்படி வைப்பது? அந்த அம்மாவின் முகம் வந்தது. பத்திரமா பாத்துக்கோங்க ஐயா. உட்கார்ந்த இடத்திலிருந்தே மறுபடி மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினார். தையல் மெஷின் உடலில் எண் அடிக்க அவன் இரும்பு அச்சுகள் வைத்திருப்பான்.

இந்த முறையும் அவர் முழுசாக எதையும் சொல்லவில்லை. ஆசிட் பட்டு எண் போய்விட்டது, தலைமை எழுத்தர் கோபிப்பார், இந்த இடத்தில் ஓர் ஏழு அடித்துக் கொடு, அவ்வளவுதான். உருளை மாறிப்போன கதையைச் சொன்னால், அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டு அவரைத்தான் வறுப்பார்கள்.

மச்சினன் அச்சை வைத்தான். ஒரே அடி.

"கொஞ்சம் சாஞ்சிடுச்சு மாமா."

"எவ்வளவு?"

"குடிச்சிட்டு நிக்கற ஏழு மாதிரி. ஆனா ஏழுதான். யாரு பாத்தாலும் ஏழுன்னுதான் சொல்லுவாங்க."

அச்சுப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனான். பினாயில் அந்தச் சாய்ந்த ஏழின் மேல் கொஞ்சம் எண்ணெயும் சாம்பலும் தேய்த்தார். துடைத்தே பழக்கப்பட்ட கைகள் ஒருமுறை தாமாகவே அதைத் துடைத்துவிட, மறுபடி தேய்த்தார்.

திங்கட்கிழமை காலை அவர் எல்லோருக்கும் முன்னால் போய், சாப்பாட்டுப் பையிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துத் தட்டில் வைத்தார். தலைமை எழுத்தர் உள்ளே வந்து மூக்கைச் சுருக்கினார்.

"என்னய்யா, உள்ளே பெட்ரோல் பங்க் வெச்சிருக்கியா?"

"புது பினாயில் சார்."

வராந்தாவில் அந்த அம்மா வழக்கமான பெஞ்சில் இருந்தார். தட்டில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார். சொல்லும்போது அவர் கை தட்டின் விளிம்பை ஒருமுறை தொட்டுவிட்டு, சுட்டதுபோல் பின்னால் போய்விட்டது. எதிர்ச் சுவரோரம் கூட்டாளி நின்றிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார், மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

நிபுணர் பருமனான மனிதர். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதை எடுப்பதையே ஒரு நிகழ்ச்சியாகச் செய்தார். ஆப்பைத் தட்டி இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு துண்டாகக் கண்ணருகே கொண்டுபோனார். பினாயில் தட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். சாய்ந்த ஏழின் மேல் பூதக்கண்ணாடி வந்து நின்றபோது, அவருடைய உள்ளங்கால்வரை வேர்த்தது.

"ஆஹா" என்றார் நிபுணர்.

நீதிபதி நிமிர்ந்தார்.

"இந்த ஏழுங்கற எண்ணைப் பாருங்க ஐயா. சாஞ்சிருக்கு. அந்தக் காலத்துல தொழிலாளி கையால அச்சு வெச்சு அடிச்சான். இன்னைக்குப் போலி பண்றவன் நேரா அடிச்சிருப்பான். இந்தச் சாய்வுதான் இது அசல்ங்கறதுக்கே அத்தாட்சி."

பினாயிலுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மச்சினனை நினைத்துப் பெருமைப்பட்டார். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள், உருளையின் எண்ணை ஏன் இவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று நீதிபதி கேட்டார். நிபுணர் விளக்க ஆரம்பித்தார்.

இது தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. உருளையில் ஒவ்வோர் அறையாக மருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடித்து நிரப்ப வேண்டும். அதற்கு வெகுநேரம் ஆகும். ஒருவன் தன் துப்பாக்கியால் இன்னொருவரைச் சுடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவரே தன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டதாகக் காட்ட வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்டு ஆட்கள் ஓடி வருவதற்குள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு துப்பாக்கிகளின் உருளைகளையும் கழற்றி மாற்றிப் போட்டுவிடுவது. கரிந்த அறை செத்தவரின் துப்பாக்கிக்குப் போய்விடும். நிரம்பிய உருளை சுட்டவனின் துப்பாக்கிக்கு வந்துவிடும். ஒரே மாதிரித் துப்பாக்கி என்றால் அரை நிமிட வேலை. அந்த அம்மாவின் வக்கீல் சந்தேகப்படுவதும் அதைத்தான்.

"ஆனா செஞ்சவனுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்காது" என்று முடித்தார் நிபுணர். "உருளையிலயும் எண் இருக்கு. கரி போகும், துரு போகும், இரும்புல அடிச்ச எண் பொய் சொல்லாது. இங்க ரெண்டுல இருக்கறது ரெண்டோட உருளை. ஏழுல இருக்கறது ஏழோட உருளை. எதுவும் மாறல. பெரியவரைச் சுட்டது அவரோட துப்பாக்கிதான்."

பினாயில் கூட்டாளியைப் பார்த்தார். பிழைத்துக்கொண்ட மனிதனின் முகத்தில் சந்தோஷம் இருக்க வேண்டும். கூட்டாளியின் முகத்தில் சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. தன் வீட்டுக் கதவைத் திறந்து வேறு யாருடைய வீட்டையோ பார்த்தவர்போல, வாயைக் கொஞ்சம் திறந்து, அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பினாயில் ஓர் அடி முன்னால் வந்தார்.

"என்ன?" என்றார் நீதிபதி.

வேலை போய்விடும். உள்ளேயும் போட்டுவிடுவார்கள். தவிர, என்ன சொல்வது? வாளியில் கொட்டியது அவருடைய மனைவி. மாறியது வீட்டில். அவர் திருத்தியது வீட்டில் நடந்த தப்பைத்தான். அதைச் சொல்லி வீணாக ஒரு குழப்பத்தை உண்டாக்குவானேன்?

"தண்ணி வேணுங்களான்னு கேக்க வந்தேன் ஐயா."

வேண்டாம் என்றார் நீதிபதி. மனு தள்ளுபடி ஆயிற்று.

வெளியே கூட்டாளி அவரைத் தாண்டிப் போகும்போது நின்று, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா பெஞ்சில் பையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே பத்திரமா வெச்சிருந்தீங்க" என்றார். "அதுல ஒரு குறையும் இல்ல."

பினாயில் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"கறுப்பு ஃப்ரேம் இன்னும் அந்தக் கடையிலயே இருக்கு. நான்தான் போய் வாங்கவே இல்ல. இனிமே வாங்கி என்ன." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எம் பொண்ணு நினைச்சதுதான் சரியாயிருக்கு. போய் அவகிட்ட சொல்லிடறேன். நான்தான்னு."

மாலையில் வீட்டுக்கு வந்த பினாயில் செருப்பைக் கழற்றாமலேயே சமையலறை வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் மனைவி அடுப்பை அணைத்தாள். நீதிமன்றத்தில் நடந்ததை அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். நிபுணர் சொன்ன அரை நிமிட வேலை, கூட்டாளியின் திறந்த வாய், அந்த அம்மா சொன்ன கடைசி வார்த்தை. சொல்லி முடித்துவிட்டு, இரண்டு நாளாய்க் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை அதட்டலாகக் கேட்கவில்லை.

"நீ கொட்டினப்பத்தானே மாறிச்சு?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேங்க. கொட்டினேன், மாறல."

"மாறிச்சுன்னு சொல்லேன்."

அவள் துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

"வாளிக்குள்ளதான் மாறிச்சு. இல்லைன்னா அது வரும்போதே மாறி இருந்துச்சுன்னு ஆகுது. அப்ப நான் திருத்தலை. நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சுப் பாரு. ஒரே ஒரு தடவை சொல்லு. உன்மேல கோபப்பட மாட்டேன். இனிமே எதுக்கும் கோபப்பட மாட்டேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் செய்யாத தப்பை அவள் ஒப்புக்கொண்டதில்லை. செய்த தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை. அன்றைக்கு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தாடை ஒடுங்கி, கண் உள்ளே போய், இரண்டு நாளில் பத்து வயது கூடிப்போயிருந்தது அந்த முகத்தில்.

"சரிங்க" என்றாள். "நான்தான் மாத்திட்டேன். போதுமா? கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

பினாயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. போய்க் கை கழுவினார், முகம் கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்து, பசித்தவர்போல் சாப்பிட்டார். மாறிவிட்டது, வாளியில் மாறிவிட்டது, உலகத்தில் எத்தனையோ வாளியில் எத்தனையோ மாறுகிறது. அந்த அம்மாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை என்றால் உண்மைதானே. இரண்டாம் முறை சாப்பாடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அச்சுப் பெட்டியை எடுத்துப்போக மச்சினன் வந்தான். அக்கா தலை குனிந்து பரிமாறுவதையும், மாமா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவதையும் பார்த்து, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டான்.

"உங்க அக்கா ஒரு தப்பை ஒத்துக்கிட்டா மாப்ளே" என்றார் பினாயில், வாயில் கவளத்தோடு. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "ரெண்டு துப்பாக்கியையும் ஒரே வாளியில கொட்டினாளே, அப்ப உருளை ரெண்டும் மாறிப்போச்சு. நீயும் மாத்திப் பூட்டிட்டே. நான்தான் அப்புறம் சரி பண்ணி வெச்சேன்."

மச்சினன் முகம் தொங்கிவிட்டது. அவன் தொழிலை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"என்ன மாமா இப்படிச் சொல்லிட்டீங்க, ஏழுலேர்ந்து கழட்டின ஒவ்வொரு சாமான்லயும் சிவப்பு நூல் கட்டித்தானே ஊறப் போட்டேன், அக்கா கொட்டினா என்ன, குலுக்கினா என்ன, எது எதோட வந்துச்சோ அதை அதோடதான் பூட்டினேன்."